பர்கூர் மாட்டுக்கு டிஎன்ஏ சோதனை: அறிக்கையில் எந்தப் பக்கம் காசுக்குத் தகும்

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், கனகபுரா, தொட்டபள்ளாபுரம் என்று நிலம் வாங்கிப் போட்டு நாட்டு மாடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் குடியிருந்துகொண்டு வாரக் கடைசியில் மாட்டைப் பார்க்கப் போகிறவர்கள். கர்நாடகத்து நாட்டு இனமான ஹள்ளிகார் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனாலும் பலருக்கு ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்தில் இருக்கும் பர்கூர் மலைச் செம்மறை (சிவப்பில் வெள்ளைத் திட்டு உள்ள மாடு) மேல்தான் கண். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் நான்கு பசுவும் ஒரு காளையும் வண்டியேற்றி வந்த பிறகு சந்தேகம் தொடங்கும். இது அசல்தானா, ஏ2 (பாலில் உள்ள ஒரு புரத வகை) தானா, சீமை ரத்தம் கலந்ததா?

அந்தச் சந்தேகத்துக்கு விடை தருவதாக நகரின் வடக்குப் பக்கம் உள்ள தனியார் ஆய்வகம் ஒன்று விற்கும் ‘நாட்டு மாடு முழுத் தொகுப்பு’ பற்றிய மதிப்பீடு இது. இதே வடிவத்தில் வேறு ஆய்வகங்களும் விற்கின்றன. எங்கே அனுப்பினாலும் கீழே உள்ளது பொருந்தும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும் ஏ2 முடிவு சரியானது, ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். அடுத்து வரும் ‘இனத் தூய்மை’ விழுக்காடு பர்கூர் மாட்டைப் பொறுத்தவரை நம்பத் தகாதது. கடைசியில் சின்ன எழுத்தில் ஒட்டவைத்திருக்கும் உறவு அட்டவணைக்குத்தான் மொத்தக் காசும் கொடுக்கலாம்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். மாடு ஒன்றுக்கு ஒரு காகித உறை, ஒரு ஜோடி கையுறை, ஒரு படிவம். முடியைத்தான் கேட்கிறார்கள். வால் குஞ்சத்திலிருந்து 30 முதல் 50 முடி, வேரோடு. கத்தரிக்கக் கூடாது, பிடுங்க வேண்டும். முடித் தண்டில் இந்தச் சோதனைக்கு வேண்டிய டிஎன்ஏ போதாது, வேரில்தான் இருக்கிறது. பிடுங்கியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனியில் வெள்ளையாக, ரவையைவிடச் சின்னதாக, ஒரு குமிழ் தெரியும். அது இல்லாத முடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கவும். பத்துப் பதினைந்து முடியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, வால் போகும் திசையிலேயே வெடுக்கென்று இழுத்தால் வேரோடு வரும். மெதுவாக இழுத்தால் நடுவில் அறுந்துவிடும்.

பர்கூர் மாடு முரடு. பின்னால் நின்று வாலைத் தொட்டால் உதை நிச்சயம். மரத்தோடு அணைத்துக் கட்டி, பக்கவாட்டில் தொடையோடு ஒட்டி நின்று எடுப்பதுதான் வழி. வாலில் சாணி அப்பியிருந்தால் முதல் நாளே கழுவி உலர விடவும். ஈர முடியை உறையில் போட்டால் இரண்டே நாளில் பூசணம் பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். பிளாஸ்டிக் உறை கூடாது என்பதும் இதனால்தான். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் கையுறை மாற்ற வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு ஜோடிதான் கொடுக்கிறார்கள், நடுவில் கிழிந்தால் மாற்று இல்லை. ஒரு பெட்டி கையுறையை மருந்துக் கடையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

உறைமேல் ‘லட்சுமி’, ‘செவலை’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணை எழுதுங்கள். இரண்டு செவலை உள்ள பட்டியில் அறிக்கை வந்த பிறகு எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

ரத்தமும் அனுப்பலாம் என்கிறார்கள். கால்நடை மருத்துவர் கழுத்து நரம்பில் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற மருந்து உள்ள ஊதா மூடிக் குழாயில் 3 முதல் 5 மில்லி போதும், மூடியதும் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். இரட்டைக் கன்றாகப் பிறந்த மாடு என்றால் ரத்தம் வேண்டவே வேண்டாம். வயிற்றுக்குள் இருக்கும்போதே இரண்டின் ரத்த ஓட்டமும் கலந்துவிடுவதால், ஒன்றின் ரத்தத்தில் மற்றதன் டிஎன்ஏவும் ஆயுள் முழுக்க வரும். முடி வேரில் அந்தக் குழப்பம் மிகக் குறைவு. ஆய்வகத்தின் வழிகாட்டித் தாளில் இது இல்லை, இருக்க வேண்டும்.

இனி அறிக்கை. முதல் பக்கம் ஏ2. பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 209 அமினோ அமிலங்கள். அதில் 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. மாட்டின் 6ஆவது குரோமோசோமில் உள்ள மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வரும் வித்தியாசம் இது. ஒரே ஓர் எழுத்தைப் படிப்பதால் சோதனை எளிது, முடிவும் துல்லியம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி இருப்பதால் ஏ2ஏ2, ஏ1ஏ2, ஏ1ஏ1 என்று மூன்றில் ஒன்றாக எழுதித் தருவார்கள். ஏ1ஏ2 பசுவை ஏ2ஏ2 காளையோடு சேர்த்தால் பிறக்கும் கன்றில் பாதி ஏ2ஏ2, பாதி ஏ1ஏ2 என்று எதிர்பார்க்கலாம்.

அறிக்கை இதன் கீழேயே பச்சை நிறத்தில் ‘நாட்டு மாடு உறுதி’ என்று முத்திரை குத்துகிறது. அது தவறு. நம் திமில் மாடுகளில் ஏ2 மிகப் பெரும்பான்மை என்பது உண்மை. ஆனால் எல்லா ஏ2 மாடும் திமில் மாடு ஆகிவிடாது. ஹோல்ஸ்டீன், ஜெர்சியிலும் ஏ2ஏ2 மாடுகள் ஏராளம், எருமையும் ஏ2தான். ஜெர்சிக் கலப்புக் கிடாரி ஒன்று இந்தப் பக்கத்தில் முழு மதிப்பெண்ணோடு தேறிவிடும். மறுபக்கம், எங்கோ ஒரு நாட்டு மாட்டில் ஏ1 ஒரு பிரதி வந்தால் உடனே அதைக் கலப்பு என்று விற்றுத் தள்ளுவதும் அவசரம். திமில் இனங்களிலும் அரிதாக ஏ1 பதிவாகியிருக்கிறது.

பால் விற்கிறவர்களுக்கு ஒரு சொல். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஆகஸ்ட் 21 அன்று பால் பொருள்களின் உறையிலிருந்து ஏ1, ஏ2 என்ற சொற்களை நீக்கச் சொன்னது. அடுத்த சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டம் எப்படிப் போனாலும், ஏ2 என்பது புரதத்தின் பெயர். நெய் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. ‘ஏ2 நெய்’ என்று இருமடங்கு விலை கேட்டால் அந்தப் பணம் எதற்கு என்று கேட்கலாம். உடல் நலத்தைப் பொறுத்தவரை, ஏ1 பாலுக்கும் நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் சொன்னது. பர்கூர் பசு நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் மலை மாடு. அதை வைத்திருக்க ஏ2வைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இரண்டாம் பக்கம்தான் எல்லோரும் தேடிப் போவது: தூய்மை விழுக்காடு. வண்ண வண்ணமாகப் பட்டை போட்டிருப்பார்கள். பர்கூர் மாடு ஒன்றை அனுப்பினால் பெரும்பகுதி ஹள்ளிகார், அதற்கடுத்துக் கொஞ்சம் கிர், கொஞ்சம் சாகிவால் என்று பட்டை வரும். உரிமையாளருக்கு நெஞ்சு அடைத்துவிடும். மாட்டில் கோளாறு இல்லை, ஒப்பீட்டில்தான் கோளாறு. இந்தக் கணக்குப் போடும் மென்பொருளிடம் முன்கூட்டியே சில இனங்களின் மாதிரிகளைக் கொடுத்து, ‘இந்த மாட்டை இவற்றுக்குள் பங்கு போடு’ என்று சொல்கிறார்கள். மொத்தம் 100 வர வேண்டும். பட்டியலில் பர்கூரே இல்லையென்றால், பர்கூருக்குச் சேர வேண்டிய பங்கு அடுத்தடுத்து நெருங்கிய இனங்களின் கணக்கில் விழுந்துவிடும். இந்த ஆய்வகத்தின் ஒப்பீட்டுப் பட்டியலில் பர்கூர் இல்லை. ஆலம்பாடியும் இல்லை, உம்பளாச்சேரியும் இல்லை, புலிக்குளமும் இல்லை. அறிக்கையின் அடிக்குறிப்பில் இது வருகிறது; பணம் கட்டும் பக்கத்தில் வருவதில்லை. கட்டுவதற்கு முன்பு எழுத்துமூலம் கேளுங்கள்: ஒப்பீட்டில் பர்கூர் மாடு எத்தனை இருக்கிறது, அவை மலைக்குள் எந்தெந்தப் பட்டியிலிருந்து எடுத்தவை? ஒரே பட்டியில் எடுத்த பத்து மாடு ஒரே குடும்பமாக இருக்கக்கூடும். அதை இனத்தின் முகமாக எடுத்துக்கொள்ள முடியாது.

டிஎன்ஏவில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே தடவையில் படிக்கும் சில்லுக்குச் சிப் என்று பெயர். எந்தச் சிப் என்பதும் முக்கியம். வெளிநாட்டில் தயாரான 50கே சிப்பில் 54,000க்கும் மேல் ஸ்னிப் புள்ளிகள் (மாட்டுக்கு மாடு ஓர் எழுத்து மாறக்கூடிய இடங்கள்) இருந்தாலும், அவற்றில் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுத்தது ஐரோப்பிய மாடுகளில் வேறுபாடு காட்டும் இடங்களிலிருந்து. நம் மாடுகளில் அந்த இடங்கள் பலவும் எல்லா மாட்டிலும் ஒரே எழுத்தாக இருக்கும். விளைவு: நம் மாட்டுக்குள் இருக்கும் மரபணுப் பன்மை (வேறுபாடு) உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் வெளியிட்ட இண்டிகவ் சிப்பில் 11,496 புள்ளிகள்தான், ஆனால் அவை நம் இனங்களுக்கென்று பொறுக்கியவை. 2024 அக்டோபரில் கவ்சிப் என்ற ஒருங்கிணைந்த சிப்பும் வெளியானது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தத் தொகுப்பில் 50கேதான் ஓட்டுகிறார்கள்.

தனித்து வாழும் சிறு மந்தைக்கு இன்னொரு பொறி உண்டு. மலைக்குள் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே இனம் பெருக்கும் மந்தையில், எந்த மரபணு வடிவம் மிஞ்சும், எது மறையும் என்பதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு. அப்படி விலகிப்போன மந்தை கணினிப் படத்தில் தனிக் கொத்தாக, மிகத் ‘தூய்மையாக’த் தெரியும். தூய்மை என்று பட்டை காட்டுவது பாதி நேரம் நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததன் அடையாளம். இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் மாடுகள் இதற்குத் தெளிவான சாட்சி. முந்நூறு ஆண்டுகளாக வேலிக்குள் வெளி மாடே சேராமல் வாழும் மந்தை. 1947 கடுங்குளிருக்குப் பிறகு 13 மாடுதான் மிஞ்சின. 2001இல் 25 குறியீட்டு இடங்களைப் பார்த்தபோது 24இல் மந்தை முழுக்க ஒரே வடிவம். அவை இன்னும் உயிரோடு பெருகுகின்றன என்பதைப் பார்த்து ‘அப்போ ஒன்றும் ஆகாது’ என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வழியில் போய் அழிந்த மந்தைகள் நம் கண்ணில் படுவதில்லை.

தூய்மைப் பக்கத்தில் உருப்படியாக இருப்பது ஒரு வரி: ஐரோப்பிய மாட்டு ரத்தம் எவ்வளவு என்பது. திமில் மாட்டுக்கும் சீமை மாட்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது என்பதால் பர்கூர் பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த எண் ஓரளவு நிற்கும். முதல் தலைமுறைக் கலப்பு 50, பிறகு நாட்டுக் காளையோடு சேரச் சேர 25, 12.5, 6.25 என்று இறங்கும். மூன்றாவது நான்காவது தலைமுறையில் திமிலும் கொம்பும் செம்மறையும் கண்ணுக்கு முழுசாகவே வந்துவிடும். தரகர் கண்ணைத் தாண்டுவது இங்கேதான், சிப் பிடிப்பதும் இங்கேதான். 2, 3 விழுக்காடு என்று வந்தால் பதற வேண்டாம். கணக்கின் இரைச்சலாகவும் இருக்கலாம். அந்தச் சீமைப் பகுதி ஒரே குரோமோசோமில் நீண்ட துண்டாகத் தொடர்ந்து வருகிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கிறதா என்று கேளுங்கள். நீண்ட துண்டென்றால் சமீபத்தில் கலந்தது.

கூடுதல் கட்டணத்தில் தாய்வழிச் சோதனையும் தந்தைவழிச் சோதனையும் விற்கிறார்கள். தாய்வழி வேண்டாம். நம் நாட்டில் கலப்பு நடந்தது பெரும்பாலும் சினை ஊசி வழியாக, அதாவது சீமைக் காளையின் விந்து வழியாக. தாய் நாட்டு மாடுதான். மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவதால், முக்கால் பங்கு ஜெர்சியான மாடும் அதில் நாட்டு மாடாகவே தெரியும். தந்தைவழியான ஒய் குரோமோசோம் சோதனை பொலிகாளை வாங்கும்போது மட்டும் பயன்படும். சீமை ஒய் வந்தால் அந்தக் காளை வேண்டாம், சந்தேகமே இல்லை. நாட்டு ஒய் வந்தால் நிம்மதி அடைய முடியாது. அம்மாவழித் தாத்தா ஜெர்சியாக இருந்தாலும் பேரனுக்கு அப்பாவின் நாட்டு ஒய்தான் வரும்.

பரம்பரை நோய்ப் பக்கத்தில் பிளாட் முதலான பெயர்கள் வரிசையாக வரும், எல்லாவற்றுக்கும் எதிரில் ‘இல்லை’. பிளாட் ஹோல்ஸ்டீன் இனத்தில் பரவிய குறைபாடு. விந்து நிலையங்கள் ஹோல்ஸ்டீன் காளைக்கும் அதன் கலப்புக்கும் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. சீமை ரத்தமே இல்லாத பர்கூர் மாட்டுக்கு அதைப் பார்த்துக் காசு வாங்குவது பக்கத்தை நிரப்பும் வேலை.

இப்போது கடைசிப் பக்கம். அனுப்பிய மாடுகளுக்குள் எது எதற்கு எவ்வளவு சொந்தம் என்று ஓர் அட்டவணை, ஒவ்வொரு மாட்டுக்கும் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்து பிறந்தது) அளவு ஓர் எண். பர்கூர் மலையில் மந்தையைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பார்கள். காளைகள் மந்தையோடு திரியும். கன்றுக்குத் தாய் யார் என்று தெரியும், தந்தை யார் என்று சொல்ல முடியாது. ஒரே பட்டியிலிருந்து வந்த நான்கு பசுவும் ஒரு காளையும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் ஆகாது.

கணக்கைப் பாருங்கள். அண்ணன் தங்கை முறையில், தந்தை மட்டும் ஒன்றான இரண்டு மாடு சேர்ந்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை 12.5 விழுக்காடு. காளையை அதன் சொந்த மகளோடு சேர்த்தால் 25. பண்ணை வீடுகளில் சாதாரணமாக நடப்பது இந்த இரண்டாவதுதான்: ஒரு காளை, அதுவே மூன்றாண்டு கழித்துத் தன் கிடாரிகளுக்கும் காளை. சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவது, கன்று நோஞ்சானாகப் பிறப்பது, சின்னக் காய்ச்சலுக்கும் கன்று சாவது என்று பிறகு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். தாது உப்புக் குறைவு என்று மருந்து எழுதி வாங்கி வருவார்கள். அதுவும் காரணமாக இருக்கலாம், ஆனால் காளையை யாரும் கேட்பதில்லை.

மந்தை அளவில் இன்னும் மோசம். காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் மந்தையின் மரபியல் அளவு. 20 பசு, 1 காளை என்றால் 80ஐ 21ஆல் வகுக்க, 4கூட வராது. இருப்பது 21 மாடு, மரபியல் கணக்கில் நான்கு! தலைமுறைக்கு 13 விழுக்காடு பன்மை கரையும். அதே 20 பசுவுக்கு 5 காளை என்றால் 16. கரைவது 3 விழுக்காடாகக் குறையும். இந்த எண்ணை 50க்குக் கீழே விடாதீர்கள் என்பது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்லும் பொது அளவு. எந்த ஒரு பண்ணை வீட்டாலும் தனியாக இதை எட்ட முடியாது. ஆனேக்கல்காரர் காளையும் கனகபுராக்காரர் காளையும் ஈராண்டுக்கு ஒருமுறை இடம் மாறினால், கூட்டாக எட்டலாம். அதற்கு முன் அந்த இரண்டு காளையும் சொந்தமா என்று பார்க்கத்தான் இந்த அட்டவணை.

உள்ளினச் சேர்க்கை எண்ணை இப்படிப் படிக்க வேண்டும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக நீளும் துண்டுகளைக் கூட்டி, மொத்தக் குரோமோசோம் நீளத்தால் வகுப்பார்கள். மாட்டுக்கு அந்த நீளம் ஏறக்குறைய 2,500 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் எழுத்து). 250 மெகாபேஸ் ஒன்றாக இருந்தால் 10 விழுக்காடு. துண்டின் நீளமும் பேசும்: 16 மெகாபேஸுக்கு மேல் நீண்டவை மூன்று தலைமுறைக்குள் நடந்த சேர்க்கையைக் காட்டும், இரண்டு மூன்று மெகாபேஸ் துண்டுகள் பழங்காலத்து நெருக்கடியின் தழும்பு. பர்கூர் மாட்டில் சின்னத் துண்டுகள் இருந்தால் கவலைப்படாதீர்கள், மலை மாட்டுக்கு அது இயல்பு. நீண்ட துண்டுகள் நிறைய இருக்கும் காளையைத் தவிர்க்கலாம். இந்த ஆய்வகம் மொத்த விழுக்காட்டை மட்டும் தருகிறது. துண்டு நீளத்தைப் பிரித்துத் தருவதில்லை. கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும்.

குறைகள் இன்னும் மூன்று. எந்த மாதிரியில் எத்தனை விழுக்காடு புள்ளிகள் படிக்க முடிந்தன என்ற எண் அறிக்கையில் இல்லை. அது 95க்குக் கீழே இருந்தால் மறுமாதிரி கேட்க உரிமை வேண்டும். மூல மரபணுக் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் மட்டும் அனுப்புகிறார்கள். நாளை பர்கூர் சேர்ந்த ஒப்பீட்டுப் பட்டியல் வந்தால் பழைய கோப்பை வைத்தே மறுகணக்குப் போடலாம், பிடிஎஃப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. கோப்பைத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள். மூன்றாவது, சம்மதப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘தரவை வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு பகிரலாம்’ என்ற வரி. நம் மாட்டின் மரபு வளம் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்துக்குள் வருவது. வெளிநாட்டார் அதை ஆய்வுக்கு எடுக்கச் சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அடித்து அனுப்பிய படிவங்களை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்து மாட்டுக்குக் குறைவாக அனுப்பினால் உறவு அட்டவணையால் பெரிய பயன் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஒரே தவணையில் அனுப்புங்கள், எல்லாக் காளைகளையும் கட்டாயம் சேருங்கள், பசு விட்டுப்போனாலும் பரவாயில்லை. மாடு வாங்கும் முன்பே என்றால் இன்னும் நல்லது: பர்கூரில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பர்கூர் மாட்டு ஆராய்ச்சி நிலையம் துருசனாம்பாளையத்தில் இருக்கிறது, மலையில் எந்தப் பட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்து, காளையை ஓர் ஊரிலும் பசுக்களை வேறு வேறு ஊரிலும் வாங்குவது எந்தச் சிப்பையும்விடச் செலவு குறைந்த வழி.

முடி எடுக்கும்போது மாட்டுக்கு இரண்டு உறை நிரப்புங்கள். ஒன்றை அனுப்பிவிட்டு, மற்றதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தகர டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வில்லை எண், எடுத்த தேதி, தாய் பெயர், வாங்கிய பட்டி ஆகியவற்றைப் பென்சிலில் எழுதவும். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.